ஒருதரம், ரெண்டுதரம்

போத்தல்களைக் கொண்டு மனிதரை அறிகிறவள் நான்.
நெல்லிரசப் போத்தல், ஜாம் போத்தல்,
ஒருமுறை ஒரு வாசனைத் தைலக் குப்பி.
கழுவியும் போகாத மல்லிகை மணத்தோடு
யாரோ ஒருவரின் காலைச் சலம்.
ஆஸ்பத்திரிக் குப்பியில் மட்டும் தரவும் என்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.
எழுத்து மங்கிவிட்டது. போத்தல்கள் மாறவில்லை.

ம. பெனடிக்ற், ஐம்பத்துமூன்று, பாசையூர்.
மூன்று மாதத்துக்கொருக்கா வருவார்,
அதாவது அவருடைய நெல்லிரசப் போத்தல் வரும்.
முதல்முறை இருபத்தெட்டு.
அந்த எண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பிறகு அறுபத்துநாலு.
பிறகு நூற்றிநாற்பது.
இரத்தத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றது;
கிரியற்றினின் நல்ல பிள்ளையாய்க் கோட்டுக்குள் நின்றது.
சலம்தான் முதலில் வாய் திறக்கும்.

முட்டை வெள்ளைக்கருவுக்கு உறவான ஒன்று
ஒழுகக்கூடாத கண் வழியே ஒழுகுகிறது.
எவ்வளவு என்று அளந்து
இன்னொன்றால் பிரித்துப் பார்க்கிறோம்.
வாளிக்கணக்கில் தண்ணி குடித்துவிட்டு வந்தாலும்
அந்தப் பங்கு ஏமாறாது.

முன்னூற்றிப்பத்து வந்த நாள்
பழைய எண்களைத் தேடி எடுத்து
ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் புள்ளி வைத்தேன்.
அது என் வேலையில்லை.
அடிமட்டத்தை வைத்துக் கோட்டை நீட்டினேன்,
இரண்டு வருடம், மூன்று வருடம்.
கடதாசி முடிந்தது தெரியாமல்
பென்சில் மேசையிலும் கொஞ்சம் ஓடியது.

அதற்குப் பிறகு போத்தல் வரவில்லை.
ஐந்து மாதம்.

சனிக்கிழமை விடிய, விளைமீன் வாங்கப் போனேன்.
ஈரச் சீமெந்தில் கூடையைக் கவிழ்த்து
ஒருவர் ஏலம் கூறிக்கொண்டிருந்தார்.
"ஆயிரத்தி எண்ணூறு... ரெண்டாயிரம்...
ரெண்டாயிரத்தி இருநூறு, ஒருதரம்!"
பின்னாலிருந்து எவனோ கத்தினான்:
"பெனடிக்ற் அண்ணை, நூறு கூட்டு!"

பாசையூரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்
நாலு பேர் திரும்புவார்கள்
என்று எனக்கு நானே சொன்னேன்.
பிறகு காலைப் பார்த்தேன்.
பாட்டாவின் பட்டி புறங்காலில் பதிந்து
பள்ளமாய்க் கிடந்தது.

குரலில் ஒரு குறையுமில்லை.
ஒவ்வொரு எண்ணும் போன எண்ணின் தோளில் ஏறியது,
ஏற ஏற அவருக்குச் சந்தோஷம்.
ஏறக்கூடாத எண் ஒன்று
என் வாய்க்குள் உப்புக்கல்லாய்க் கிடந்தது.
ஆய்வுகூடக் கதை வாசலைத் தாண்டக்கூடாது.
ஆனால் கண்ணுக்குத் தெரிவதை ஆரும் சொல்லலாம்.

"அண்ணை, கால் வீங்கியிருக்கு."
"நிண்டு நிண்டு வாறது பிள்ளை. எவ்வளவு வேணும்?"
"விடிய எழும்பேக்க கண்மடலும் வீங்குதோ?"
அப்போதுதான் என்னை முகம் பார்த்தார்.
செதில் ஒட்டிய கையைச் சாரத்தில் துடைத்தார்.
"நீங்கள் ஆர்?"
"சலத்தில நுரை நிக்குதோ?"
பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.
"கிளினிக்குக்குப் போகேல்ல. நல்ல மீன்பாடு,
விட்டிட்டு வர ஏலாது."
"திங்களும் இருக்கு" என்றேன்.

விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.
"ரெண்டாயிரத்தி முன்னூறு, ஒருதரம்,
ரெண்டுதரம்..."
அதில் நின்றார், மூச்சு வாங்கவோ எதற்கோ.
மீனெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

செவ்வாய் நெல்லிரசப் போத்தல் வந்தது.
எழுநூற்றிப்பத்து.
மறுபடி ஓட்டினேன்: எழுநூற்றியெட்டு.
அறிக்கையில் சிவப்புக் கோடிட்டு
டொக்டரின் அறைக்கு நானே கொண்டுபோனேன்.
மருந்து தொடங்கினால் கோடு வளையும் என்பார்கள்.
சிலருக்கு வளைந்ததைக் கண்டிருக்கிறேன்.
சிலரின் போத்தலே பிறகு வந்ததில்லை.

கடதாசியைக் கிழிக்கவில்லை.
மேசையில் ஓடிய பென்சில் கோட்டை மட்டும்
ஈரத்துணியால் துடைத்தேன்.
முழுதாய்ப் போகவில்லை.